அமெரிக்க மசோதா ஒன்றின் போக்கைத் தொடர்ந்து அறிவது எப்படி?

அமெரிக்காவில் ஒரு மசோதா எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய விரும்புவோர், முதலில் அதன் எண்ணைப் பார்க்க வேண்டும். 'எச்.ஆர்.' என்று தொடங்கினால் 435 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதிகள் சபையிலும், 'எஸ்.' என்று தொடங்கினால் 100 பேர் கொண்ட செனட்டிலும் அது அறிமுகமாகியிருக்கும். பெரும்பாலான மசோதாக்கள் அவற்றை முதலில் ஆராயும் அவைக் குழுக்களிலேயே முடங்கிவிடுவதால், குழுவைத் தாண்டியதா என்பதை அடுத்துக் கவனியுங்கள். செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லவே பொதுவாக 60 வாக்குகள் தேவை; பெரும்பான்மை இருந்தும் மசோதா ஏன் நின்றுபோனது என்று குழம்புவோருக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும்.

இரு அவைகளும் ஒரே வாசகத்தை நிறைவேற்றிய பின் மசோதா அதிபரிடம் செல்கிறது. அப்போது ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக 10 நாட்களை எண்ணுங்கள். அதற்குள் அவர் கையெழுத்திடாமலும் திருப்பி அனுப்பாமலும் இருந்தால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். ஆனால் காங்கிரஸ் (இரு அவைகளும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) கலைந்து சென்று, திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் அது காலாவதியாகும். அதிபர் மறுத்தாலும், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைத்தால் அம்மறுப்பு செல்லாது. 1973இல், படைகளைப் போருக்கு அனுப்பும் அதிபரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் போர் அதிகாரத் தீர்மானத்தை அன்றைய அதிபர் நிக்சன் மறுத்தபோது, பிரதிநிதிகள் சபை 284–135 என்றும் செனட் 75–18 என்றும் வாக்களித்து அதைச் சட்டமாக்கின.

மசோதா சட்டமான பின்னும் அதை உச்ச நீதிமன்றம் தள்ளிவிடக்கூடும்; ஆனால் அது தானாக முன்வந்து சட்டங்களை ஆராய்வதில்லை. பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுக்க வேண்டும். சட்டத்தைச் செல்லாதெனத் தள்ளும் அதிகாரம் அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் அந்நீதிமன்றமே அதை நிலைநாட்டிக்கொண்டது.