பெருங்குடல் புற்றுநோயும் ஸ்டெம் செல் மார்க்கரும்: தீசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருச்சி பக்கம் பேத்தாலஜி பிஜி படிக்கிறவர்கள் தீசிஸ் தலைப்பு தேடினால், யாராவது ஒருவர் சிடி133, சிடி44 (கட்டியை முளைக்க வைக்கும் ஸ்டெம் செல்லின் அடையாளமாகச் சொல்லப்படும் புரதங்கள்) என்று வந்து நிற்பார். தலைப்பில் குறையில்லை. கன்ட்ரோல் ஸ்லைடு போடாமல் ஸ்டெயின் செய்வது மாதிரியான சறுக்கல்களை இங்கே எழுதவில்லை. அதற்கெல்லாம் லேப் டெக்னீஷியனே திட்டிவிடுவார்.

ஸ்டெயினில் பழுப்பாகத் தெரிந்தாலே ஸ்டெம் செல் என்பது

சிடி133 உள்ள செல்கள்தான் கட்டியை முளைக்க வைக்கின்றன என்று 2007-ல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் எழுதின. மறு வருடமே இன்னொரு குழு, குடலின் முதிர்ந்த செல்களிலும் அது இருக்கிறது என்று காட்டிவிட்டது. 'சிடி133 பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

எல்ஜிஆர்5-க்கு ஆன்டிபாடியை நம்புவது

எல்ஜிஆர்5 இன்னொரு ஸ்டெம் செல் மார்க்கர்; அதன் ஆன்டிபாடியை நம்ப முடியாது. ஆர்என்ஏ இன் சிட்டு (திசுவிலேயே அந்த ஜீனின் ஆர்என்ஏவைக் காட்டும் சோதனை) வசதி இல்லையா, இந்த மார்க்கரையே விட்டுவிடுங்கள்.

ஆள் என்ன ஆனார் என்று தெரியாமல் சர்வைவல் கர்வ் (எத்தனை பேர் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்ற வரைபடம்) போடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். ஆன்டிபாடிக்குக் கைக்காசு போட்டு, ஸ்லைடை அழகாக ஸ்கோர் செய்திருப்பார்கள். எக்செலில் கடைசிப் பத்தியைப் பார்த்தால் முக்கால்வாசி 'உயிருடன்' என்று இருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால், "கடைசியா ஓபி வந்தப்ப நல்லாத்தான் சார் இருந்தார்" என்பார்கள். அப்படி ஒரு மாணவியை அங்கேயே உட்கார்ந்து போன் போடச் சொன்னேன். நோயாளி வேதாரண்யம் பக்கத்துக்காரர், ஃபைலில் இருந்த நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. "அப்பா தவறி ஒரு வருஷம் ஆச்சுங்க" என்றார் அவர். எக்செலில் அந்த ஒரு வருடமும் அவர் உயிரோடு இருந்தார்.

தகவல் அறுந்துபோனவரை, கடைசியாகப் பார்த்த தேதியில் சென்சார் செய்ய வேண்டும், அதாவது அவர் கணக்கை அன்றோடு நிறுத்த வேண்டும். ஆய்வு முடிந்த தேதி வரை இழுக்கக் கூடாது. அதுவும் முழுத் தீர்வு இல்லை. வராமல் போனவரும் வருகிறவரும் ஒரே மாதிரி என்ற அனுமானத்தில்தான் அந்தக் கர்வைப் போடும் கேப்லான்-மேயர் முறை நிற்கிறது. டெல்டாவில் யார் வருவதில்லை? சம்பா நடவில் மாட்டிக்கொண்டவர், சென்னைக்கோ ஜிப்மருக்கோ மாறிப் போனவர், பஸ் ஏற முடியாத அளவுக்கு முற்றியவர். இந்த மூன்றாவது ஆள்தான் கணக்கைக் கெடுக்கிறார். ஆகவே சம்மதப் படிவத்திலேயே இரண்டு போன் நம்பரும், பிறகு அழைக்க அனுமதியும் வாங்கிவிடுங்கள். இறந்திருந்தால் சான்றிதழில் உள்ள தேதியைக் கேளுங்கள்.

இன்னொன்று, நோய் திரும்புவதில் பெரும்பகுதி அறுவை முடிந்த முதல் 3 ஆண்டுக்குள் நடக்கிறது. எம்.டி. படிப்பே 3 வருடம்தான். புதுக் கேஸ் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியாகச் சேர்ந்தவருக்குச் சில மாதக் கணக்குகூட இருக்காது. பழைய பிளாக்குகளை (முன்பே அறுவை செய்தவர்களின், மெழுகில் பதித்து வைத்த திசுவை) எடுங்கள்.

பி-வேல்யூ விழுந்து முடிவு 'தேறும்'வரை கட்-ஆஃபை நகர்த்துவது

எத்தனை சதவீத செல் பழுப்பானால் பாசிட்டிவ், 10-ஆ, 50-ஆ என்று ஸ்லைடைப் பார்க்கும் முன்பே புரோட்டோகாலில் எழுதி வையுங்கள்.

மலக்குடல் கேஸ்களைக் கலப்பது

அறுவைக்கு முன் கீமோ-ரேடியேஷன் எடுத்திருந்தால் மார்க்கரின் அளவே மாறியிருக்கலாம். தனியாகப் பிரியுங்கள்.

சிடி133-ஐ நோயாளியின் ரிப்போர்ட்டில் எழுதுவது

வேண்டாம். டாக்டர் சிகிச்சையை முடிவு செய்வது டிஎன்எம் ஸ்டேஜ் (நோய் எவ்வளவு பரவியது), எம்எம்ஆர் (டிஎன்ஏ பிழையைச் சரிசெய்யும் புரதங்கள்), ராஸ், பிராஃப் (ஜீன் மாற்றங்கள்) பார்த்துத்தான். சிடி133 தீசிஸோடு இருக்கட்டும்.