புஷ் நின்றால் எங்கே நின்றது என்று பாருங்கள்

கோடையும் அதில் செய்த மாற்றங்களையும் சேமித்து வைக்கும் எங்கள் அலுவலகத்துக் கிட் சர்வர் பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் டெபியன் லினக்ஸ், அதன்மேல் கிட்டை வலைப்பக்கமாகக் காட்டும் கிட்டீ, முன்னால் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ். பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் "அண்ணா, புஷ் போக மாட்டேங்குது" என்று, அதாவது தங்கள் மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்ப முடியவில்லை என்று, என்னிடம்தான் வருவார்கள். திரையில் வந்ததை முழுசாக அனுப்பு என்பதுதான் என் முதல் பதில். "ஏதோ எரர்" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வந்த வரிகளில் 'ரிமோட்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேசுவது சர்வரில் உள்ள கிட். இல்லாவிட்டால் பெரும்பாலும் கோரிக்கை வாசலிலேயே, அதாவது சாவியைச் சரிபார்த்து உள்ளே விடும் எஸ்எஸ்எச்சிலோ என்ஜின்எக்ஸிலோ நின்றுவிட்டது. அப்போது ரிப்போவை, அதாவது கோடும் அதன் வரலாறும் இருக்கும் கோப்புறையை, நோண்டிப் பயனில்லை.

'பெர்மிஷன் டினைடு, பப்ளிக் கீ' என்றால் எஸ்எஸ்எச் திருப்பி அனுப்பியிருக்கிறது. எஸ்எஸ்எச் கட்டளையோடு 'ஹைஃபன் வி' சேர்த்து ஓட்டினால் எந்தச் சாவியை நீட்டுகிறது என்று தெரியும். பாதி நேரம் லேப்டாப் புதுசு, சர்வரில் இருப்பது பழைய சாவி. சாவி சரியென்றால் சர்வரில் கிட் பயனரின் அனுமதிகளைப் பாருங்கள்: எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700, அதிலுள்ள சாவிக் கோப்புக்கு 600. யாராவது அவசரத்தில் அந்தப் பயனரின் ஹோம் கோப்புறைக்கு 777, அதாவது யாரும் எழுதலாம் என்று, போட்டிருந்தால் சரியான சாவியும் செல்லாது. காரணத்தைப் பயனரிடம் சொல்லாது, சர்வரின் லாகில் மட்டும் எழுதும். டெபியன் 12-இல் அதற்கு ஜர்னல்சிடிஎல் பாருங்கள். பழைய ஆத் லாக் கோப்பு தானாக இருக்காது. சர்வரை அப்டேட் செய்த மறுநாள் ஒருவருக்கு மட்டும் போகவில்லையா? 2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல், ஆர்எஸ்ஏ சாவியோடு வரும் எஸ்எச்ஏ-1 கையெழுத்தை இயல்பாக ஏற்பதில்லை. அவர் மென்பொருள் பழசாக இருக்கும். இடி25519 வகைச் சாவி ஒன்று போட்டுத் தாருங்கள். சர்வரில் பழையதைத் திரும்பத் திறந்துவிடாதீர்கள்.

எச்டிடிபி வழியாகப் போகும்போது 413, அதாவது 'அனுப்பியது ரொம்பப் பெரிசு' என்று, வந்தால் அது என்ஜின்எக்ஸ் பேசுவது. அதன் இயல்பான வரம்பு 1 எம்பி. டிசைன் கோப்பு ஒன்று உள்ளே வந்தால் போச்சு. தேடினால் 'போஸ்ட் பஃபரைக் கூட்டு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பயனர் பக்கத்து அமைப்பு, இந்த 413 அதனால் போகாது. சர்வரில் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்பதை உயர்த்தி ரீலோடு செய்தால் முடிந்தது.

ஆளைப் பைத்தியமாக்குவது வேறொன்று: சில புஷ் போகும், சில போகாது, 'அனேபிள் டு மைக்ரேட் ஆப்ஜெக்ட்ஸ்' என்று வரும். யாரோ ரூட்டாக, அதாவது சர்வரின் நிர்வாகியாக, நுழைந்து ரிப்போவுக்குள் கிட் கட்டளை ஓட்டியிருப்பார்கள். கிட் சேமிக்கும் ஒவ்வொரு துண்டும் ஓர் ஆப்ஜெக்ட். அதன் ஹாஷின், அதாவது அடையாளக் குறியின், முதல் இரண்டு எழுத்துதான் அது எந்தக் கோப்புறைக்குப் போகும் என்று தீர்மானிக்கிறது. அப்படி மொத்தம் 256 கோப்புறைகள். அதில் நாலைந்து ரூட் பெயரில் இருந்தால், அங்கே விழும் ஆப்ஜெக்ட் உள்ள புஷ் மட்டும் சிக்கும். ரிப்போ முழுவதையும் கிட் பயனர் பெயருக்கு மாற்றுங்கள். ரிப்போ யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் சோதனையை 2022-இல் கிட் 2.35.2 கொண்டுவந்தது. அதனால் வரும் 'டூபியஸ் ஓனர்ஷிப்' எச்சரிக்கைக்கும் இதே மருந்துதான். 'சேஃப் டைரக்டரி' அமைப்பில் நட்சத்திரக் குறி போட்டு, எல்லா ரிப்போவையும் நம்பு என்று வாயை அடைப்பது எனக்குப் பிடிக்காது.

டிஸ்கில் இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ்' என்றால் ஐநோடு, அதாவது டிஸ்க் வைத்துக்கொள்ளக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை, தீர்ந்திருக்கும், 'டிஎஃப்' கட்டளையோடு 'ஹைஃபன் ஐ' போட்டுப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்தபின் 'ஆப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி' என்று வந்தால்தான் நிதானம் வேண்டும். முதலில் எல்லோரையும் புஷ் செய்யாமல் நிறுத்தி, ரிப்போவை அப்படியே வேறிடத்தில் நகலெடுங்கள். அப்புறம் ரிப்போவைச் சோதிக்கும் கிட் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டி எது காலி, எது காணவில்லை என்று குறித்துக்கொண்டு, காலிக் கோப்புகளை நீக்குங்கள். கடைசியாகப் புஷ் செய்தவரின் கிளோனில், அதாவது அவர் கணினியில் உள்ள ரிப்போ நகலில், எல்லாமே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே எல்லா ஆப்ஜெக்ட்களையும் ஒரே பேக்காக ரீபேக் செய்து, வரும் பேக், ஐடிஎக்ஸ் இரண்டு கோப்புகளையும் சர்வரின் பேக் கோப்புறையில் போட்டு, கிட் பயனர் பெயருக்கு மாற்றி, மறுபடி எஃப்எஸ்சிகே. புது ரிப்போ தொடங்கிப் புஷ் செய்வது சுலபம்தான், ஆனால் கிட்டீயில் பழைய இஷ்யூக்கள், அதாவது பிழைகள், வேலைகள் பற்றிய பதிவுகள், இந்த ரிப்போவோடு அல்லவா ஒட்டியிருக்கின்றன.

தனித்தனி ஆப்ஜெக்ட்களை உடனே டிஸ்கில் எழுதியே தீர வேண்டும் என்று கிட் இயல்பாக அடம்பிடிப்பதில்லை. கிட் 2.36 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால், சர்வரில் 'கோர் எஃப்சிங்க்' அமைப்பை 'ஆல்' என்று வைத்துவிடுங்கள். புஷ் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. யுபிஎஸ் பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்கள்.