முருங்கைப் பொடி முதல் மல்டிவைட்டமின் வரை: லேபிள் அச்சடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சப்ளிமென்ட் விற்பவருக்கு நோட்டீஸ் வரலாம். பொருள் எந்த வகையில் சேரும் என்பதை ஆரம்பத்திலேயே தப்பாக முடிவு செய்திருந்தால், அதன்பின் லைசென்ஸ், அளவு, லேபிள், விளம்பரம் எல்லாமே தப்பாகத்தான் போகும். இந்தியாவில் இதற்கு அடிப்படை, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-ன் 22-ஆம் பிரிவும், 2016-ல் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரியில் அமலுக்கு வந்த நியூட்ராசூட்டிகல் (உணவிலிருந்தோ தாவரத்திலிருந்தோ எடுத்த சத்தை உடல்நலத்துக்காக விற்கும் பொருள்) ஒழுங்குமுறைகளும்.

நம் ஊரில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் பொடிதான். பாகற்காய், கேழ்வரகு, மிளகு, நெல்லி, நாவல் போன்றவற்றைச் சுத்தம் செய்து, காயவைத்து, அரைத்தால் மட்டும் அது ஹெல்த் சப்ளிமென்ட் ஆகிவிடாது என்று ஒழுங்குமுறையே சொல்கிறது. முருங்கை இலைப் பொடிக்கும் இதே கணக்குதான். அதைச் சாதாரண உணவாக விற்கலாம். ‘நியூட்ராசூட்டிகல்’ என்று டப்பாவில் போடக்கூடாது. அதே பொடியைச் ‘சூரணம்’ என்று பெயரிட்டு நோய்க்குக் கொடுத்தால் அது சித்த மருந்து. அதற்கு 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் 25-டி படிவ லைசென்ஸ் வேண்டும். இரண்டு படகிலும் கால் வைக்க முடியாது. வெறும் வைட்டமினும் தாதுவும் கலந்த மாத்திரையோ சிரப்போ ‘நியூட்ராசூட்டிகல்’ வகையிலும் வராது. அது ஹெல்த் சப்ளிமென்ட்.

வீட்டிலிருந்து சின்ன அளவில்தான் செய்கிறோம் என்று ரெஜிஸ்ட்ரேஷனோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. சப்ளிமென்ட் தயாரிப்புக்கு, உற்பத்தி எவ்வளவு குறைவாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் மத்திய லைசென்ஸ்தான். வேறொரு ஆலையில் செய்து வாங்கி உங்கள் பிராண்டில் விற்றால், லேபிளில் உங்கள் 14 இலக்க லைசென்ஸ் எண்ணோடு அந்த ஆலையின் எண்ணும் இருக்க வேண்டும்.

அளவு விஷயத்தில் நிதானமாகக் கணக்குப் போடுங்கள். 2016 ஒழுங்குமுறை வைத்த வரம்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் ஒரு நாள் பரிந்துரை அளவு, அதாவது ஆர்டிஏ. அது மாத்திரைக்கு இல்லை, நாளைக்கு. ஒரு மாத்திரையில் 600 ஐயூ வைட்டமின் டி வைத்து (பெரியவர்களுக்கு 2020 ஆர்டிஏ அதுவே) ‘தினம் இரண்டு’ என்று அச்சடித்தால் 1,200 ஆகிவிடும். பழைய லேபிளை அப்படியே மறுபதிப்பு செய்வதும் ஆபத்து. ஆண்களுக்கான வைட்டமின் சி ஆர்டிஏ 2010 பட்டியலில் 40 மில்லிகிராம், 2020-ல் 80. அன்று 100% என்று போட்ட அதே 40 மில்லிகிராம் இன்று 50%தான். வைட்டமின் சி, ஃபோலிக் அமிலம் போன்றவை வெப்பத்திலும் ஈரத்திலும் குறையும் என்பதால் தயாரிப்பில் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார்கள். ஆர்டிஏ உச்சியிலேயே ஃபார்முலா போட்டுவிட்டால் அந்தக் கூடுதலுக்கு இடமிருக்காது. எக்ஸ்பைரிக்கு முன்பே சத்து லேபிள் அளவுக்குக் கீழே இறங்கிவிடும்.

மூலிகை காப்ஸ்யூலில் வேறொரு பொறி. அந்த ஒழுங்குமுறையின் நான்காம் அட்டவணை தாவரத்தின் எந்தப் பாகம், நாளைக்கு எவ்வளவு என்று சொல்கிறது. அந்த அளவு மூல மூலிகைக்கானது, அதிலிருந்து பிரித்தெடுத்த சாரமான எக்ஸ்ட்ராக்டுக்கு இல்லை. 10:1 எக்ஸ்ட்ராக்ட் 300 மில்லிகிராம் என்றால் அது 3 கிராம் மூலிகைக்குச் சமம். சப்ளையரிடம் அந்த விகிதத்தை எழுத்தில் வாங்காமல் ஃபார்முலாவை முடிக்காதீர்கள். வேருக்கு அனுமதி என்றால் இலையைப் போடக்கூடாது. புரோபயாட்டிக்கில் நாளைக்கு 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர் என்ற கணக்கை, ஆலையை விட்டு வெளியேறும் நாளுக்கு மட்டும் பார்த்தால் போதாது.

லேபிளில் ‘ஹெல்த் சப்ளிமென்ட்’, ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’, சொன்ன அளவைத் தாண்டக்கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும், பலவகை உணவுக்கு இது மாற்று இல்லை என்ற வாசகங்கள் எல்லாம் வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில்தான் நன்றாக நடக்கும் வியாபாரமும் கவிழ்கிறது. டப்பாவில் அடக்கமாக எழுதிவிட்டு, யூடியூப்பில் ‘சர்க்கரையை வேரோடு போக்கும்’ என்று சொன்னால் தப்பிக்க முடியாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விளம்பர வரையறையில் இணையமும் அடக்கம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அதன் 53-ஆம் பிரிவில் ரூ.10 லட்சம் வரை அபராதம். நீரிழிவு, புற்றுநோய், உடல் பருமன், பக்கவாதம் எல்லாம் 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கின்றன. அந்த வழியில் வழக்கு தனியாக வரும்.

எல்லாம் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடுவது இரண்டு தேதிகளை. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது லேப் பரிசோதனை நடந்து, அதன் ரிப்போர்ட் கோப்பில் இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் டி-1 ஆண்டுக் கணக்கு மே 31-க்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100.