ஜப்பான் டெக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள்

போக்கிமான் கார்டு ஆட்டத்தில் புது செட் (புதுக் கார்டுகளின் தொகுப்பு) பெரும்பாலும் முதலில் ஜப்பானில்தான் வரும், ஆங்கிலப் பதிப்பு அதற்குப் பிறகுதான், அதனால் அங்கே சிட்டி லீக் என்ற ஊர்மட்டப் போட்டியில் ஜெயித்த டெக்கின் (ஒருவர் ஆடுகிற 60 கார்டுக் கட்டு) பட்டியலைப் பார்த்துவிட்டு பெங்களூரு அல்சூரில் எங்கள் கூட்டம் மொத்தமும் ஒரே டெக்கோடு வந்து நிற்கும். பார்ப்பது தப்பில்லை, அப்படியே காப்பியடிப்பதுதான் தப்பு.

முதலில் ஆட்ட முறையைக் கவனியுங்கள். சிட்டி லீக்கில் ஒரு சுற்றுக்கு ஒரே ஆட்டம், 25 நிமிடம், நேரம் முடிந்தால் இருவருக்குமே தோல்வி. அதனால் எதிராளியின் போக்கிமானை வேகமாக அடித்து வீழ்த்தி, அதற்குக் கிடைக்கும் ஆறு பரிசுக் கார்டையும் எடுத்து ஜெயிக்கிற டெக்குக்குத்தான் அங்கே மவுசு, எதிராளியின் கார்டு தீரும்வரை இழுத்தடிக்கிற டெக் அங்கே தேறுவது கஷ்டம். அமெரிக்க, ஐரோப்பிய ரீஜனல்களில் (பெரிய வட்டாரப் போட்டிகள்) ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும், டிராவும் உண்டு. முதல் ஆட்டத்தில் மோசமான கை வந்தாலும் மீண்டுவிடலாம். நீங்கள் போட்டி ஆடுகிற கடையில் எந்த முறை என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற பட்டியலை எடுங்கள்.

அப்புறம், ஒரே டெக்கின் ஏழெட்டுப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60 கார்டில் எல்லாவற்றிலும் இருப்பதைத் தொடாதீர்கள். ஆளுக்கு ஆள் மாறுகிற சில கார்டுகள் பெரும்பாலும் அந்த ஊர் எதிராளிகளுக்காகப் போட்டவை, அந்த இடத்தில் நம்ம ஊர் ஆட்கள் ஆடுவதற்குப் பதில் வையுங்கள்.

வாங்கும் முன் கார்டில் இருப்பதைக் காகிதத்தில் எழுதி ஸ்லீவில் (கார்டு உறை) செருகி வீட்டில் இருபது ஆட்டமாவது ஆடுங்கள். நான் ஆடாமல் வாங்கிய நாலு கார்டு இன்னும் பைண்டரில் (கார்டு ஆல்பம்) தூங்குகிறது.