ஞாயிறு பள்ளி டீச்சர் பணியிலிருந்து விடைபெறுவது எப்படி?

மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், ஞாயிறுதோறும் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லித்தரும் ஞாயிறு பள்ளி டீச்சர்கள் அடிக்கடி மாற வேண்டியிருக்கிறது. பெற்றோர் ஓய்வுபெற்றதும், எஸ்டேட் கொடுத்த லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீட்டைக் காலி செய்துவிட்டுத் தென்காசிப் பக்கமோ சங்கரன்கோவில் பக்கமோ குடும்பமே இறங்கிவிடும். சிலருக்குத் திருமணம், சிலருக்கு வெளியூர் வேலை. சம்பளமில்லாத ஊழியம்தானே, ஆயரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பெரியவர்கள் நினைக்கலாம். பிள்ளைகளுக்கு அப்படியில்லை. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே தேயிலைக் காட்டு வேலைக்குப் போய்விடும் வீட்டுப் பிள்ளைக்கு, வாரம் தவறாமல் பெயர் சொல்லி அழைத்துப் பக்கத்தில் உட்காரவைக்கும் ஒருவர் பெரிய சொத்து. ஆகவே விடைபெறுவதற்கும் ஆயத்தம் வேண்டும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

கேரளத்தில் பள்ளிகள் மார்ச் மாதக் கடைசியில் மூடி ஜூனில் திறக்கின்றன. கோடை விடுமுறையில் நடக்கும் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த ஞாயிறுதான் பொருத்தமான நாள். பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். புதிய டீச்சரும் ஜூனில் புது வகுப்போடு தொடங்கலாம். தென்மேற்குப் பருவமழை நாட்களில் மட்டும் வேண்டாம். எஸ்டேட்டிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளில் பலர் அன்று வரமாட்டார்கள். வராத பிள்ளையைப் பொறுத்தவரை டீச்சர் சொல்லாமல் போய்விட்டார், அவ்வளவுதான்.

2. பிள்ளைகளிடம் நீங்களே சொல்லுங்கள்

முதலில் ஆயரிடமும் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளரிடமும் சொல்லுங்கள். ஆலயத்தில் அறிவிப்பு வாசிக்கப்படுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம் முன்னதாகச் சொன்னால் போதும். காரணத்தை ஒரே வாக்கியத்தில், உள்ளபடி சொல்லுங்கள். "நாங்கள் சேட்டை செய்ததால்தான் போகிறீர்களா டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்காத பிள்ளையின் மனத்திலும் அது இருக்கும். "இல்லை, உங்களால் அல்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் அதை எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள்.

3. ஒரு நோட்டு எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர்கள் இருக்கும். பிள்ளைகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

நம் ஊரில் முதலில் எழுத வேண்டியது, அந்தப் பிள்ளை எந்த எழுத்தை வாசிக்கும் என்பது. வீட்டில் பேசுவது தமிழ், கையில் இருப்பது தமிழ் வேதாகமம், ஆனால் படிப்பது மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ. மனன வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு தமிழில் அழகாக ஒப்புவிக்கும் பிள்ளைகள் உண்டு. இது தெரியாத புதிய டீச்சர் முதல் வாரமே வேதாகமத்தைக் கொடுத்து "வாசி" என்றால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. யாருக்கு எந்த எழுத்துவரை கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் குறியுங்கள். பாடத்தோடு எழுத்தும் சொல்லித்தருவதை வீண்வேலை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் 1780இல் தொடங்கிய ஞாயிறு பள்ளியே, வாரநாட்களில் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளிதான்.

பிறகு சின்னச் சின்னக் காரியங்கள்: யார் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறாள், யாரை முன்னால் நிறுத்திப் பாடச்சொன்னால் அழுதுவிடுவான், காணிக்கைப் பை வரும்போது கையில் காசில்லாமல் தலைகுனிகிறவர் யார். ஒரு பிள்ளை உங்களை நம்பிச் சொன்ன வீட்டு விவகாரத்தை மட்டும் நோட்டில் எழுதாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் காத்திருக்காமல், பொறுப்பானவரிடம் நேரில் சொல்லுங்கள்.

4. இரண்டு ஞாயிறு சேர்ந்து நில்லுங்கள்

முதல் வாரம் நீங்கள் நடத்துங்கள், புதிய டீச்சர் உடன் இருக்கட்டும். அடுத்த வாரம் அவர் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். பிள்ளைகள் திரும்பித் திரும்பி உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருங்கள்.

5. கடைசிப் பாடம்

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை எடுங்கள். மோசே சபையார் எல்லாருக்கும் முன்பாக யோசுவாவின்மேல் கைகளை வைத்துப் பொறுப்பை ஒப்படைக்கிறார். அதை நடித்துக் காட்டலாம். புதிய டீச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலியா தீர்க்கதரிசி அக்கினி ரதத்தோடு வானத்துக்குப் போகும் கதையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. டீச்சரும் அப்படிப் போய்விடுவாரோ என்று சிறு பிள்ளை பயந்துவிடும். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில், இனி தன் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்று பவுல் சொன்னதைக் கேட்டு எபேசு மூப்பர்கள் மிகவும் அழுகிறார்கள். அதை வீட்டில் நீங்கள் வாசித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது தேவைப்படும்.

6. விடை கொடுக்கும் நாள்

பொன்னாடை போர்த்துவார்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். பரிசுக்காக வீடு வீடாகப் பணம் பிரிக்க வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாட்கூலிக் குடும்பங்களுக்கு அது பாரம். நீங்கள் கொடுப்பது ஒரு வசன அட்டையாக இருக்கட்டும். பிள்ளையின் பெயரோடு, அது வாசிக்கும் எழுத்தில், உங்கள் கையால் எழுதியது. கண்ணீர் வந்தால் மறைக்காதீர்கள். ஜெபத்தைப் புதிய டீச்சர் முடிக்கட்டும்.

7. அதற்குப் பிறகு

அலமாரிச் சாவி, காணிக்கைக் கணக்கு, படச்சுருள்கள் எல்லாவற்றையும் அன்றே ஒப்படையுங்கள். ஜூன் வகுப்பு தொடங்கியதும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிடுங்கள். மூணாறுக்கு வந்தால் ஆராதனைக்குப் போங்கள். சில மாதங்களுக்கு வகுப்பறைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பெற்றோரின் போனிலிருந்து பிள்ளை அழைத்தால் ஆசையோடு பேசுங்கள். பாடத்தில் சந்தேகம் கேட்டால் மட்டும், புதிய டீச்சரின் பெயரைச் சொல்லி, அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.