என் மின்னூலைத் திருட்டுப் பிரதியிலிருந்து காப்பது இப்படித்தான்

அம்மாவின் ஊறுகாய்ச் செய்முறைகளை எழுதி, பிடிஎஃப் ஆக்கி, 120 ரூபாய்க்கு நானே விற்றேன். மூன்றாவது மாதம் ஒரு வாசகி, "அக்கா, உங்க புத்தகம் எங்க குரூப்ல சும்மாவே வருதே" என்று அனுப்பினார். என் கோப்பேதான். நாரத்தங்காய்ப் படத்தின் ஓரத்தில் அம்மாவின் வளையல்கூட அப்படியே இருந்தது. அன்று அழுதேன். எல்லாருக்கும் ஒரே கோப்பை அனுப்பியிருந்ததால், யார் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

அதனால் இப்போது ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவர் பெயரும் ஆர்டர் எண்ணும் போடுகிறேன். லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்ற இலவச எழுதும் மென்பொருளில், ஃபார்மட் மெனுவில் வாட்டர்மார்க் (பக்கத்தின் பின்னணியில் மங்கலாகத் தெரியும் எழுத்து) இருக்கிறது. அது மட்டும் போதாது. பின்னணியில் தனியாக இருப்பதை நீக்கிவிட முடியும் என்பதால், உப்பின் அளவு சொல்லும் வரிக்குக் கீழேயும் பெயரைச் சேர்க்கிறேன். கைபேசி எண்ணை மட்டும் போடாதீர்கள். கோப்பு வெளியே போனால் அவர் எண்ணும் ஊரெல்லாம் போய்விடும்.

பாஸ்வேர்டு? அச்சிடவும் நகலெடுக்கவும் தடை போடலாம், ஆனால் அதை நீக்கித்தரும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. திறப்பதற்கே பாஸ்வேர்டு வைத்தால் காசு கொடுத்தவர்தான் திண்டாடுவார். நான் வைப்பதில்லை.

மாதம் ஒருமுறை, புத்தகத்தில் மட்டுமே வரும் ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். என்னுடையது, "வடு சுருங்கும்வரை ஜாடியைத் தினம் குலுக்கு."

திருட்டுப் பிரதி கிடைத்தால் குழுவில் சண்டை போட வேண்டாம். முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணைப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆவது விதிப்படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும். ஆனால் அந்த முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை போய்ச் சேராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம்.

எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் 500 ரூபாய் கட்டி நான் பதிவு செய்துவிட்டேன். "இது உங்களுடையதுதானா?" என்று கேட்டால் இப்போது அந்தச் சான்றிதழைத்தான் முதலில் இணைக்கிறேன்.