பிள்ளைகளோடு தூண்டில் போட: வன்னிக் குளங்களில் நாம் விடும் பிழைகள்

ஏப்ரல் விடுமுறை வந்தால் எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்: "பிள்ளையளை இரணைமடுவுக்குக் கொண்டு போவம், தூண்டில் போடட்டும்." முதல் பிழை அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன். ஏழு வயது மகளையும் தம்பியின் மகனையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், அணைக்கட்டில் இரண்டு மணித்தியாலம் வெயில் காய்ந்தோம். தக்கை அசையவே இல்லை. கடைசியில் இருவரும் தண்ணீருக்குள் கல் எறியத் தொடங்கினார்கள். திரும்பும்போது ஒருத்திக்கு அழுகை, மற்றவனுக்கு நித்திரை.

இரணைமடு இலங்கையின் வட மாகாணத்தில் மிகப் பெரிய குளம். கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் வேலை தொடங்கிக் கட்டியது. நிறைந்தால் முப்பத்தாறு அடி. அந்த ஆழம் முழுவதும் நீங்கள் நிற்கிற கட்டோரமாகத்தான் இருக்கிறது. காற்றுக்கு அலை அடிக்கும், மீனுக்குப் போக இடம் நிறைய. எட்டு முழத் தங்கூசி நூலோடு நிற்கிற பிள்ளையிடம் அது ஏன் வரப்போகிறது? வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் பாவற்குளமும் இதே கதைதான். அவற்றைப் பார்க்கக் கூட்டிப் போங்கள், கட்டில் நடக்க விடுங்கள், மிஞ்சிய தண்ணீரை வெளியே விடும் வான் கதவுகளைத் தூரத்தில் இருந்து காட்டுங்கள். தூண்டிலை மட்டும் வீட்டில் வையுங்கள்.

அடுத்த கிழமை வீட்டுக்குக் கிட்ட இருக்கும் சின்னக் குளத்துக்குப் போனோம். ஒரு துண்டுப் பாண், ஒரு மூங்கில் தடி. அரை மணித்தியாலத்தில் கையகலத் திலாப்பியா ஐந்து. மகளுக்கு அது திமிங்கிலம் மாதிரி. பிள்ளைக்குத் தக்கை தாழ வேண்டும், அதுவும் முதல் இருபது நிமிடத்துக்குள் தாழ வேண்டும். குளத்தைத் தெரிவு செய்யும்போது இதை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

புளியங்குளம், மாங்குளம், செட்டிகுளம், பண்டாரிகுளம் என்று குளத்தின் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் ஊர்கள் நிறைந்த மண் இது. ஆகவே சின்னக் குளத்துக்குப் பஞ்சமில்லை. நான் பார்ப்பது இவ்வளவுதான்: வீடுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கட்டு புல்லோடு சரிவாக இருக்க வேண்டும், சனம் குளிக்கிற துறை ஒன்று இருக்க வேண்டும், ஓரத்தில் தாமரைக் கொடி அடர்ந்து கிடக்கக் கூடாது. நகரக் குளங்களில் கழிவு வாய்க்கால் வந்து சேரும் இடம் என்றால் பிடித்துப் பார்த்துவிட்டு விடலாம், சமைக்க வேண்டாம். கோயில் கேணியில் தூண்டில் போட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குளத்தில் தொழில் செய்கிறவர்கள் இருப்பார்கள். நன்னீர் மீனவர் சங்கம் வைத்து, நெக்டா என்ற அரச நிறுவனம் விடும் குஞ்சுகளை வளர்த்துப் பிடிப்பது அவர்கள் சீவியம். ஒரு தடியோடு வரும் பிள்ளையை யாரும் விரட்டியதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் "அண்ணை, பிள்ளையள் கொஞ்ச நேரம் போடட்டோ?" என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மரியாதை ஒரு பக்கம். எங்கே முதலை படுக்கிறது, எங்கே மண் அள்ளிய கிடங்கு இருக்கிறது, எங்கே வலை கட்டியிருக்கிறது என்ற விவரம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும்.

எந்த மாதம்

மாரி முடிந்து தண்ணீர் தெளிந்து, கட்டோரம் காய்ந்திருக்கும் மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். கார்த்திகை, மார்கழியில் போகவே வேண்டாம். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி மீன் ஒரே இடத்தில் கூடும், பிடிக்கச் சுகம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. வற்றிய குளத்தின் தரை மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து தெரியும். பெரியவர் நாலு அடி வைத்ததும் முழங்கால் வரை இறங்கும். பிள்ளை என்றால் இடுப்பு வரை. மீன் கூடுகிற அதே தண்ணீரில்தான் முதலையும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் என்றால் காலை ஆறிலிருந்து ஒன்பது. பின்னேரம் போனால் ஐந்தரைக்கு முன் மூட்டை கட்டுங்கள். ஒட்டுசுட்டான், துணுக்காய், வவுனியா வடக்குப் பக்கங்களில் மைம்மலில் யானை தண்ணீருக்கு இறங்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி முழங்கினால் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம். வெட்டையான கட்டில் உயரமாக நிற்பது நீங்களும் அந்தத் தடியும்தான். பனைக்குக் கீழே ஒதுங்குவதும் கூடாது.

துருசும் வானும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் அதிகம் கிடைப்பது இந்த இரண்டு இடத்திலும்தான்.

துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு, திறந்திருக்கும்போது தண்ணீர் அடியால் இழுபட்டுப் போகிறது. மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும். நீந்தத் தெரிந்த பெரியவரையே அந்த இழுவை விடாது. வயலுக்குத் தண்ணீர் விடுவது எப்போது, மறிப்பது எப்போது என்று வாய்க்கால் பார்க்கிறவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதனால் திறந்திருக்கிறதா என்று ஆராயாமல், துருசுக்கு முப்பது மீற்றருக்குள் பிள்ளையை விடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கட்டுக்கு வெளிப்பக்கம், தண்ணீர் வந்து விழும் தொட்டியும் இதில் அடக்கம். அதன் சுவர் பாசி பிடித்துச் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், ஏறி வரப் பிடிமானம் இருக்காது.

வான் பாய்வதைப் பார்க்கப் போவது எங்களுக்கு ஒரு திருவிழா. கச்சான் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவோம். வானோடு அடித்து வரும் மீனைப் பிடிக்க இளந்தாரிகள் வலையோடு இறங்குவார்கள், பிள்ளைகளும் பின்னால் போவார்கள். கதவில்லாத வான் என்றால் மழைக்கேற்ப மெல்ல ஏறும். கதவுள்ள குளத்தில் அப்படியில்லை. மேலே ஒரு கதவை உயர்த்தினால் கீழே கணுக்கால் தண்ணீர் சற்று நேரத்தில் நெஞ்சளவு. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான் கதவுகள் திறந்தபோது தண்ணீர் எவ்வளவு வேகமாக ஊருக்குள் வந்தது என்பதைக் கிளிநொச்சிச் சனம் மறந்திருக்காது. நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்தல் கொடுக்கும்தான். ஆனால் வான் வழியில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளை அறிவித்தலைக் கேட்டுக்கொண்டா நிற்கப்போகிறது?

தவறி விழுந்தால் என்ன செய்வது என்பதைப் போகும் முன்பே யோசித்து வையுங்கள். ஐந்து லீற்றர் வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை மூடி இறுக்கி, பத்து மீற்றர் கயிற்றில் கட்டி எடுத்துப் போங்கள். எறிந்தால் மிதக்கும், பிடித்தால் இழுக்கலாம். நீந்தத் தெரியாத தகப்பன் குதித்தால் இரண்டு சாவு. இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அந்தப் பெரியவரின் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. தொலைபேசி பைக்குள் இருக்கட்டும், அம்புலன்சுக்கு 1990.

முதலை

"எங்கட குளத்தில முதலை இல்லை" என்று யாராவது சொன்னால், "இன்னும் காணவில்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள். வன்னிக் குளங்களில் இருப்பது நன்னீர் முதலை. ஒரு குளம் வற்றினால் இரவில் தரையால் நடந்து அடுத்த குளத்துக்குப் போகும். போன வருடம் இல்லை என்பதற்கு இந்த வருடம் அர்த்தமில்லை. கரைச் சேற்றில் வயிறு இழுபட்ட அகலமான தடமும் இரண்டு பக்கமும் கால் அடையாளமும் இருந்தால் அங்கே நிற்காதீர்கள்.

நாங்கள் விடும் பிழைகள் மூன்று. தண்ணீர் விளிம்பில் குந்தி இருப்பது ஒன்று. குந்தியிருக்கும் பிள்ளை ஆட்டுக்குட்டி அளவுதான். எழுந்து நிற்க வேண்டும், விளிம்பில் இருந்து நாலு மீற்றர் தள்ளி, கட்டின் சரிவில். தங்கூசி நீளம் அதற்குத்தான். அடுத்தது, பிடித்த மீனை அங்கேயே வெட்டிக் குடலைத் தண்ணீரில் எறிவது. அது முதலைக்கு வைக்கிற விருந்து. வீட்டில் வெட்டுங்கள், பூனைக்காவது உதவும். மூன்றாவது, நாயைக் கூட்டிப் போவது. நாய் தண்ணீருக்குள் இறங்கும், பிள்ளை அதைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் இறங்கும்.

தரையில் கிடப்பதைத் தொடவேண்டாம்

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைப் பிரத்தியேகமாகச் சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் அதற்கப்பால் ஒரு அடியும் இல்லை. மிதிவெடி அகற்றும் பணியை முடிக்க இலங்கைக்கு உள்ள கெடு 2028. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கூட, தண்ணீர் ஏறி இறங்கும் அலைகரைப் பக்கம் காட்டுக்குள் புழு கிண்டப் போகக் கூடாது. தண்ணீர் வற்றும்போது பழைய இரும்பு வெளியே தெரியும். துருப்பிடித்த குழாய் மாதிரி இருப்பது எறிகணையாக இருக்கலாம். தொடாமல், கல்லெறியாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசுக்குச் சொல்லுங்கள், இலக்கம் 119. நாக்கிளிப் புழு வேண்டுமென்றால் வீட்டுக் கிணற்றடி வாழைக்குக் கீழே நிறையக் கிடைக்கும்.

தடி, முள், மீன்

கடையில் விற்கும் சுருள் தூண்டில் பிள்ளைக்கு வேண்டாம். அரை நாள் சிக்கெடுப்பதிலேயே போகும். பிள்ளையின் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமான மூங்கில் தடி, மெல்லிய தங்கூசி, ஒரு சின்ன ஈயம், மயிலிறகின் தண்டில் ஒரு தக்கை. மயில் எங்கள் வளவுகளில் நெல் தின்கிற கணக்குக்கு ஒரு இறகாவது தந்துவிட்டுப் போகட்டும். பெரிய முள் வாங்குவது எல்லோரும் விடும் பிழை. திலாப்பியாவின் வாய் சின்னது, பெரிய முள்ளில் பாண் மட்டும் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். சின்ன முள் வாங்கி, முனைக்குக் கீழே பின்பக்கமாக நீட்டி நிற்கும் நாக்கைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் சில தப்பும், ஆனால் விரலில் ஏறினால் இலகுவாகக் கழரும். நாக்கு நசுக்காத முள் ஆழமாக ஏறினால் இழுக்காமல் தங்கூசியை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஏற்பூசியையும் (ரெற்றனஸ் ஊசி) கேளுங்கள். ஒரு பிள்ளை வீசும்போது மற்றப் பிள்ளை பின்னால் நிற்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் மறப்பார்கள்.

திலாப்பியாவை வாலில் இருந்து பிடித்தால் முதுகு முள் குத்தும். தலைப்பக்கத்தில் இருந்து வழித்துப் பிடிக்கப் பழக்குங்கள். மீசை வைத்த மீன் வந்தால் பிள்ளை தொடக்கூடாது. சுங்கானின் செட்டை முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் பெரியவரே துடிப்பார். பொறுக்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீருக்குள் கையை வைத்தால் வலி குறையும், பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள். காலில் கையில் புண் இருக்கும் பிள்ளையைச் சேற்றில் இறங்க விடாதீர்கள். அங்கே எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. போய் வந்த சில நாட்களில் காய்ச்சல், தசை நோவு வந்தால், குளத்துக்குப் போனதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொரு பிழை, வந்ததையெல்லாம் வாளிக்குள் போடுவது. திலாப்பியா இந்த நாட்டு மீன் அல்ல, 1952இல் கொண்டு வந்து விட்டது. ஆனால் அதன் குடும்ப வாழ்க்கையைப் பிள்ளைக்குக் காட்டலாம். தெளிந்த கரையோரத்தில் தட்டு மாதிரி வட்டக் குழிகள் தெரியும், அவை ஆண் மீன் தோண்டியவை. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். தூண்டிலில் வந்த மீன் வாயிலிருந்து பொடிப் பொடியாகக் குஞ்சு கொட்டினால் உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள். விராலும் அப்படித்தான். செந்நிறமாகக் குஞ்சுகள் ஒரு பந்தாகச் சுற்றினால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் அந்தக் குஞ்சுப் பந்து மற்ற மீன்களுக்கு ஒரு வாய்ச் சாப்பாடு.

என் தம்பியின் மகன் இதைக் கேட்டுவிட்டு, இப்போது ஒவ்வொரு மீனின் வாயையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாளியில் போடுகிறான். அதற்குள் பாதி துள்ளிக் குளத்துக்குள் போய்விடுகிறது. குழம்புக்கு மீன் போதாத நாட்களில் வரும் வழியில் தொழிலாளரிடம் ஒரு கிலோ வாங்கிக்கொள்கிறோம். உப்பும் புளியும் போட்டுக் கழுவினால் சேற்று மணம் போய்விடும்.